வெட்டுகிற நொதியமும் அக்கரைப் பிள்ளையும்

குருமண்வெளித் துறைக்குப் பாதை இன்னும் வந்து சேரவில்லை. பாதை என்றதும் தெருவை நினைத்துவிடாதீர்கள், பிள்ளைகளே. ஆட்களையும் சைக்கிளையும் ஆட்டோவையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற தட்டையான மிதவைக்கு இந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். கேதீஸ்வரி நிழல் பார்த்து நின்றாள். தோளில் ஒரு துணிப்பை. பைக்குள் ஒரு சீப்பு வாழைப்பழம், அடியில் பழைய துவாயில் சுற்றிய ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் கோப்பை.

அக்கரையில் மண்டூரில் இறங்கி வெல்லாவெளிக்குப் போனால் தங்கை அஜந்தாவின் வீடு வரும். அந்த வீட்டில் அபிஷ்னா இருக்கிறாள். இரண்டு மாரி போய்விட்டது, கேதீஸ்வரி அந்தப் பிள்ளையைக் கண்ணால் காணவில்லை. என்னை அவளுக்கு நினைவிருக்குமா? இந்த ஒரு கேள்வியைத்தான் அவள் முதல்நாள் இரவு முழுக்க உருட்டிக்கொண்டு கிடந்தாள். காலையில் எழும்பி, பிள்ளை தன்னோடு இருந்த நாளில் உடுத்த அதே பச்சைப் பருத்திச் சேலையைத் தேடி எடுத்து உடுத்தினாள். அந்த நாளில் போட்ட அதே சந்தனச் சவர்க்காரத்தைப் போட்டுக் குளித்தாள். ஏனென்று அவளிடம் கேட்டால் சிரித்து மழுப்பியிருப்பாள்.

அபிஷ்னா பிறந்தது அஜந்தாவின் வயிற்றில். வளர்ந்தது கேதீஸ்வரியின் இடுப்பில். பிள்ளை சுவரைப் பிடித்து எழும்பி நிற்கப் பழகுகிற வயதில் அஜந்தா குவைத்துக்கு வேலைக்குப் போனாள். அவள் புருசன் நிலோஜனுக்கு வெல்லாவெளியில் வயல். விதைப்பும் காவலும் வெட்டுமாக அவன் வயல்வட்டையிலேயே கிடப்பான். தாய் இல்லாத காலத்தில் பிள்ளை தாயின் வீட்டில்தான் நிற்கும். அது மட்டக்களப்பில் யாரும் கூடியிருந்து பேசித் தீர்க்கிற விசயமில்லை. தாயின் வீடு மூத்தவள் என்று கேதீஸ்வரிக்கு வந்திருந்தது. படிப்பு, பிறகு அம்மாவின் நோய், பிறகு வயது என்று அவளுக்குக் கலியாணம் தள்ளிப்போய், தள்ளிப்போனதே அவளுக்குப் பழகிவிட்டது. பகலில் பல்கலைக்கழகத்தில் ஆய்வுகூடம். பிள்ளையைப் பக்கத்து வளவில் விட்டுவிட்டுப் போய், பின்னேரம் வந்து வாங்கி இடுப்பில் வைத்தால், பிறகு இறக்குவது நித்திரைக்குத்தான்.

பிள்ளை அவளை அம்மா என்றது. போனில் அஜந்தாவின் முகம் வரும்போதெல்லாம், "அதுதான் உன்ட அம்மா, நான் பெரியம்மா" என்று கேதீஸ்வரி திருத்துவாள். பிள்ளை போனைப் பார்க்கும், இவளைப் பார்க்கும். "அது போன் அம்மா" என்று சொல்லிவிட்டு இவளின் கழுத்தைக் கட்டிக்கொள்ளும். அங்கே போனுக்குள் இருந்து அஜந்தாவும் சிரிப்பாள். எப்படித்தான் சிரித்தாளோ.

பிள்ளைக்கு மூன்று வயது கழிந்த பிறகு அஜந்தா வந்து சேர்ந்தாள். வெல்லாவெளியில் புது வீடு. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனார்கள். கேதீஸ்வரி ஒவ்வொரு ஞாயிறும் பாதையேறிப் போய்ப் பார்த்தாள். அவள் திரும்புகிற நேரம் பிள்ளை வேலிப் படலையடியில் விழுந்து புரண்டு கத்தும். இரண்டு நாளைக்குச் சோறு தின்னாது. ஒருநாள் அஜந்தா போன் எடுத்தாள்.

"அக்கா, ஒண்டு சொன்னா கோவிக்கப்படாது."

"சொல்லு."

"நீ வந்து போனா அவ என்னட்ட வாறா இல்ல. வேலிக்கு அங்கால போய் நிண்டு பாத்துக்கொண்டே இரிக்கா. கொஞ்ச நாளைக்கு நீ வராம இரிகா. போனும் வேணாம். மறுகா நானே கூப்பிடுறன்."

கேதீஸ்வரி ஓம் என்றாள். தங்கையில் கோபித்துச் சொன்ன ஓம் என்று நினைக்கவேண்டாம். அதற்கு முந்திய கிழமை ஆய்வுகூடத்தில் ஒரு கோழிக்குஞ்சைக் கண்டிருந்தாள். அந்தக் கதையைச் சொன்னால்தான் இந்தக் கதை விளங்கும்.

இறைச்சி முற்றலாக இருந்தால் வேக்காட்டுக்குப் பப்பாசிக்காய் ஒரு துண்டு போடுகிறோம் அல்லவா? அந்தக் காயில் புரதத்தை வெட்டுகிற நொதியம் இருக்கிறது. அப்படிப்பட்ட வெட்டுகிற நொதியங்கள் எங்கள் உடம்பின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் இருக்கின்றன. அவற்றில் ஒரு சாதிக்குக் கஸ்பேஸ் என்று பெயர். அது கலத்துக்குள் தூங்கிக்கொண்டிருக்கும். கலத்தின் காலம் முடிந்தால் எழும்பி, உள்ளே இருந்தே அதை வெட்டிச் சரித்துவிடும். ஆகவே அதைக் கொலையாளி என்றே நெடுங்காலம் எழுதிவைத்தார்கள். கேதீஸ்வரியும் அப்படித்தான் படித்தாள். ஆனால் மூளைக் கலங்களில் அதற்கு வேறு வேலையும் இருக்கிறதென்று பிறகு பிறகு தெரியவந்தது. அதைத்தான் அவளும் அவளோடு வேலை செய்கிற நுஸ்ராவும் கோழிக்குஞ்சில் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

நுஸ்ராவுக்கு ஊர் ஓட்டமாவடி. அவளுடைய உம்மா ஆசியா உம்மா வளர்க்கிற நாட்டுக்கோழிகளின் முட்டைகள் பஸ்ஸில் அவள் மடியில் வந்து, ஆய்வுகூடத்துச் சூட்டுப் பெட்டியில் பொரிக்கும். பொரித்த குஞ்சு முதலில் எதைக் காண்கிறதோ அதைத் தாயென்று எடுத்துக்கொள்ளும். இவர்கள் ஒரு சிவப்புப் பந்தைக் கட்டித் தொங்கவிட்டார்கள். குஞ்சுகள் அந்தப் பந்தின் பின்னால் ஓடின, பந்துக்குக் கீழே ஒதுங்கி உறங்கின.

குஞ்சின் மூளையைச் சீவி, நொதியம் விழித்த இடத்தில் மட்டும் மரப்பட்டைபோலக் கபில நிறம் பிடிக்கிற சாயம் போட்டு, கேதீஸ்வரி நுணுக்குக்காட்டியில் பார்த்தாள். கபிலப் பொட்டுகள் நிறைய. "எல்லாம் சாகுது" என்று அவள் எழுதிவைத்தாள். அவளுடைய கண் அப்படிப் பழகியிருந்தது, கபிலம் என்றால் சாவு. அடுத்த நாள் நுஸ்ரா, செத்த கலங்களை மட்டும் காட்டுகிற மற்றச் சாயத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு வந்து மேசையில் சாய்ந்தாள்.

"கேதி அக்கா, நீங்க பள்ளிவாசல் லவுட்ஸ்பீக்கர்ல மௌத்து அறிவிச்சுப் போட்டீங்க. வீட்டுல ஆள் கால நீட்டிக்கிட்டுத் தேத்தண்ணி குடிக்கிறாரு."

"என்னடி சொல்றாய்?"

"ஒரு கலமும் மௌத்தாகல்ல. பொட்டு எங்க இரிக்கி எண்டு பாருங்க. நடுவுல இல்ல, கிளையில."

கேதீஸ்வரி திரும்பவும் குனிந்து பார்த்தாள். உண்மைதான். நரம்புக் கலம் ஒரு மரம்போலக் கிளைவிட்டுப் பரந்திருக்கும். கிளைநுனிகள் மற்றக் கலங்களின் கிளைகளைத் தொட்டுக்கொண்டு நிற்கும். நாங்கள் பழகுகிறதும் நினைக்கிறதும் அந்தத் தொடுப்புகளால்தான். நொதியம் ஒரு கிளையில், ஒரு சின்ன இடத்தில் மாத்திரம் விழித்து, வேண்டாத தொடுப்பை நறுக்கிவிட்டு அடங்கியிருந்தது. மரம் பச்சையாகவே நின்றது. முருங்கையை ஒடித்து வளர் என்கிறோமே, அந்த வேலை. பிள்ளையை அடித்து வளர் என்கிற மற்றப் பாதி எனக்குப் பிடிக்காது, அதை விடுங்கள்.

பிறகுதான் அந்தக் குஞ்சு வந்தது. நொதியத்தை விழிக்கவிடாத மருந்தைச் சில குஞ்சுகளுக்குக் கொடுத்து, சிவப்புப் பந்தை எடுத்துவிட்டு எல்லாக் குஞ்சுகளையும் நீலப் பந்தோடு பழகவிட்டார்கள். கடைசியில் ஒரு மரப்பெட்டியின் இரண்டு தலைப்பிலும் இரண்டு பந்தையும் தொங்கவிட்டு, நடுவில் குஞ்சை விட்டார்கள். மருந்தில்லாத குஞ்சுகள் கொஞ்சம் தயங்கி நீலத்திடம் போயின. மருந்து குடித்த குஞ்சு ஒன்று சிவப்புக்கு ஓடியது, பாதியில் நின்றது, நீலத்துக்குத் திரும்பியது, அதிலும் பாதியில் நின்றது. பிறகு நடுப்பெட்டியில் இருந்துகொண்டு கத்தத் தொடங்கியது.

"நாலு குஞ்சை வச்சு ஒண்டும் முடிவு சொல்ல ஏலாது" என்றார் அவர்களுக்குப் பொறுப்பான விஜிதரன் சேர். அது சரியான பேச்சுத்தான். ஆனால் கேதீஸ்வரியின் காதை விட்டு அந்தக் கத்தல் போகவில்லை. படலையடியில் புரண்ட பிள்ளையின் சத்தமும் அதுவும் அவளுக்கு ஒன்றாகிவிட்டன. அதனால்தான் தங்கைக்கு ஓம் என்றாள். கிளை ஒடியட்டும், மரம் நிற்கட்டும் என்று.

சொல்வது இலேசு, பிள்ளைகளே. பின்னேரங்களில் வாவிக்கரைக்குப் போய் நிற்பாள். சூரியன் அக்கரையில்தான் விழும். அங்கே ஒரு சின்ன உருவம் அசைந்தால், அது கண்டல் மரமோ கொக்கோ என்று தெரிந்தும், கண் அதை விட்டு வராது. இந்த நேரம் எந்தக் கிளை போயிருக்கும்? என் மணம் போயிருக்குமா? நான் பாடின தாலாட்டு போயிருக்குமா? முகம் எப்போது போகும்? ஒரு நொதியத்தோடு அவள் சண்டை பிடித்தாள். வெட்டு, ஆனால் ஒன்றை விட்டுவை என்று கெஞ்சினாள்.

இப்போது தைப்பூசத்துக்கு அஜந்தாவே கூப்பிட்டிருந்தாள். புதிர், புதுநெல்லுச் சோறு. அவர்கள் வீட்டு வழக்கப்படி தாய்வழியில் மூத்த பெண்தான் வீட்டுப் பிள்ளைக்குப் புதுச்சோற்றின் முதல் பிடியை ஊட்டவேண்டும். தாய் போன பிறகு அந்த மூத்த பெண் கேதீஸ்வரிதான்.

பாதை வந்து தட்டியது. அவள் ஏறினாள்.

வெல்லாவெளியில் ஆட்டோவை விட்டு இறங்கும்போது படலை திறந்திருந்தது. முற்றத்தில் அபிஷ்னா ஈர்க்கால் மணலில் கோடு கிழித்துக்கொண்டிருந்தாள். வளர்ந்துவிட்டாள். கன்னத்துச் சதை இறங்கி, அஜந்தாவின் சின்ன வயது முகம் அப்படியே ஏறியிருந்தது. அஜந்தா வாசலில் நின்றாள். தமக்கையை வாவென்று சொல்லவும் மறந்து, பிள்ளையையே பார்த்தாள்.

கேதீஸ்வரி படலைக்கும் பிள்ளைக்கும் நடுவழியில் நின்றாள். கூப்பிடவில்லை. தானே அந்தப் பெட்டியைச் செய்துவிட்டதை அப்போதுதான் கண்டாள். ஒரு தலைப்பில் பச்சைச் சேலை உடுத்த இவள், மற்றத் தலைப்பில் தங்கை, நடுவில் பிள்ளை. சந்தனச் சவர்க்காரமும் கோப்பையும் பழைய சேலையுமாக அவள் ஒரு சிவப்புப் பந்தாகத் தொங்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

பிள்ளை தலையை நிமிர்த்திப் பார்த்தது. ஈர்க்கைக் கீழே போட்டது. ஓடியது. ஓடிப்போய் அஜந்தாவின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

ஒரு பெருமூச்சில் அஜந்தாவின் தோள் இறங்கியது. அந்தப் பெருமூச்சைத் தமக்கை கண்டுவிட்டாள் என்று தெரிந்ததும் முகம் சுருங்கிப்போனாள். "வாகா அக்கா, ஏன் வெயிலுக்க நிக்காய்" என்று வந்து பையை வாங்கப் பார்த்தாள். கேதீஸ்வரி பையை விடவில்லை.

நிலோஜன் மாட்டுக்கு வைக்கோல் போட்ட கையோடு வந்தான். "அபி, ஆரு வந்திரிக்கிறது? சொல்லு பாப்பம்."

பிள்ளை ஒரு கண்ணை மட்டும் வெளியே விட்டது. "ஊசி போடுற மிஸ்ஸா?"

நிலோஜன் சிரித்துவிட்டான். பிறகு அஜந்தா பார்த்த பார்வையில் சிரிப்பை விழுங்கினான். "பெரியம்மாடா. அம்மாட அக்கா."

"ஊசி இல்ல, மனே" என்றாள் கேதீஸ்வரி. பையைத் திறந்து கையை விரித்துக் காட்டினாள். "பாரு. வாழைப்பழந்தான்."

சோறு வந்தது. புது அரிசியின் மணம் குசினியை நிறைத்தது. தலைவாழை இலையில் ஒரு பிடி எடுத்து, தேங்காய்ப்பாலும் வாழைப்பழமும் விட்டுக் குழைத்து, கேதீஸ்வரி உருட்டினாள். கை தானாகச் சின்ன உருண்டையாக உருட்டியது. அந்த நாளில் ஒவ்வொரு உருண்டைக்கும் ஒரு பெயர் இருந்தது, ஒன்று கொக்கு, ஒன்று மாடு, ஒன்று பஸ். பிள்ளை, "பஸ்ஸு தா" என்று கேட்டு வாங்கித் தின்னும். அவள் வாய்வரைக்கும் வந்த கொக்கை விழுங்கிக்கொண்டு, "ஆ காட்டு" என்று மட்டும் சொன்னாள்.

அபிஷ்னா வாயைத் திறந்து வாங்கினாள். மென்றாள். "காணும். எனக்குத் தனியாச் சாப்பிட ஏலும்" என்று இலையைத் தன் பக்கம் இழுத்தாள்.

"பாத்தியா, பெரிய மனுசி" என்றாள் அஜந்தா.

தண்ணீர் வந்தது. எவர்சில்வர்க் குவளை. அபிஷ்னாவின் பெயரின் முதலெழுத்து அதில் ஆணியால் பொறித்திருந்தது. கேதீஸ்வரியின் கை பைக்குள் போய்த் துவாயைத் தொட்டது. துவாய்க்குள் கோப்பையின் காது கைக்குப் பட்டது. அந்தக் காதைப் பிள்ளை கடித்துக் கடித்துப் பல்லு முளைத்ததெல்லாம் அதில் இருக்கிறது. இதை எடுத்து வைத்தால்? ஒரு வேளை எங்கோ ஒரு கிளைநுனி மிச்சமிருந்து, அது பிடித்துக்கொண்டால்? பிள்ளையின் கண்ணில் ஏதோ ஒன்று எழும்பி, தாயையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தால்?

பெட்டியின் நடுவில் இருந்து கத்திய குஞ்சு நினைவுக்கு வந்தது. கையை வெளியே எடுத்துக்கொண்டாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு வெயில் ஏறியது. நிலோஜன் வட்டைக்குப் போய்விட்டான். உள்ளறையில் பாய் விரித்து அஜந்தா சுவரில் சாய்ந்து இருந்தாள். எதிரில் கேதீஸ்வரி. பிள்ளை சிணுங்கிக்கொண்டு வந்து தாயின் மடியில் தலைவைத்தது. கண் சொருகச் சொருக, அதன் கை மேலே தேடிப்போய், அஜந்தாவின் இடது முழங்கையைப் பிடித்தது. முழங்கை முட்டியின் தளர்ந்த தோலை இரண்டு விரலுக்கு நடுவே எடுத்து, பயறு உருட்டுகிறதுபோல, மெல்ல மெல்ல உருட்டத் தொடங்கியது.

கேதீஸ்வரி தன் இடது முழங்கையைப் பார்த்தாள்.

அவள் அதை மறந்திருந்தாள். சிவப்புக் கோப்பையை நினைவில் வைத்தாள், கொக்கையும் மாட்டையும் பஸ்ஸையும் வைத்தாள், தாலாட்டை வைத்தாள். இதைச் சுத்தமாக மறந்துபோனாள். ஒரு மாரியில், வெள்ளம் முற்றத்துக்கு ஏறியிருந்த நேரம், பிள்ளைக்குக் காய்ச்சல். மடியில் போட்டு ஈரத்துணி வைத்துக்கொண்டிருந்தாள். அனுங்கிக்கொண்டே இருந்த பிள்ளை எப்படியோ அவளின் இடது முழங்கையைக் கண்டுபிடித்து, அந்தத் தோலை உருட்ட, அனுக்கம் நின்றது. அன்றையிலிருந்து ஒவ்வொரு நித்திரைக்கும் அந்த முழங்கை. பரீட்சைத் தாள் திருத்துகிற நேரமும் இடது கையைப் பிள்ளைக்கு விட்டுவிட்டு வலது கையால் திருத்தியிருக்கிறாள். பிள்ளை போன பிறகு அந்தக் கை பல நாள் அந்தரப்பட்டுக் கிடந்தது. பிறகு எப்போதோ அதுவும் மறந்தது. அவளுக்குள்ளும் அந்த நொதியம் ஒரு கிளையில் விழித்து அடங்கியிருக்கிறது.

"இதப் பாருகா அக்கா" என்று அஜந்தா மெல்லிய குரலில் சொன்னாள். குரலில் ஒரு பெருமை. "இவக்கு என்ட முழங்கை இல்லாம நித்திர வராது. நான் போகக்குள்ள இந்தப் பழக்கம் இல்ல."

"ஓம்."

"நீ வராம விட்ட பிறகு, முதல் கொஞ்ச நாள் சுவர்ப்பக்கம் திரும்பித்தான் படுப்பா. நான் தொட்டா உதறுவா. ஒருநாள் மத்தியானம் தானா வந்து இந்த முழங்கையைப் பிடிச்சா. நான் அசையல்ல. கை மரத்துப்போச்சு, அப்பவும் அசையல்ல." அஜந்தாவின் கண் நிறைந்தது. "எனக்கெண்டு இவ செய்த முதல் வேலை இதுதான் அக்கா."

கேதீஸ்வரி அந்த இரண்டு சின்ன விரல்களையே பார்த்தாள். உருட்டுகிற வேகமும் அதுதான், இடையில் ஒருமுறை நகத்தால் கிள்ளுகிறதும் அதுதான். 'அது என்னுடையது' என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்தது. அதைச் சொன்னால் யாரும் பொய்யென்று சொல்லமுடியாது. சொல்லிவிட்டால் தங்கைக்கு இந்த முழங்கையும் இல்லாமல் போகும்.

முகம் போயிற்று, பெயர் போயிற்று, மணம் போயிற்று. அழுகிற நேரம் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் இருக்கும் என்று அவள் மடியில் பழகியது மட்டும் போகவில்லை. அது வேறு கைக்கு மாறியிருக்கிறது. மரம் நிற்கிறது.

"நல்ல பழக்கம்" என்றாள் கேதீஸ்வரி. "தடுக்காத. வளந்தா தானா விட்டிரும்."

"விடாம இரிக்கட்டும்" என்றாள் அஜந்தா. பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே, "அக்கா, இனிக் கிழமைக்கு ஒருக்கா வா. எனக்கு இனிப் பயமில்ல" என்றாள்.

பின்னேரம் புறப்படும்போது பிள்ளை படலைவரைக்கும் வந்தது. புரளவில்லை, கத்தவில்லை. வாழைப்பழத் தோலை ஆட்டிக்கொண்டு நின்று, "நீங்க மறுகாவும் வருவீங்களா?" என்று கேட்டது. முன்பு அது 'வா' என்றும் 'தா' என்றும்தான் இவளோடு பேசும். வந்த ஆளுக்குக் கொடுக்கிற மரியாதை இப்போது கிடைத்திருக்கிறது.

"வருவன், மனே."

மண்டூர்த் துறையில் பாதை நிரம்பியிருந்தது. கேதீஸ்வரிக்கு ஓரத்தில் இடம் கிடைத்தது. பக்கத்தில் ஒரு பெண், மடியில் அபிஷ்னாவின் வயதில் ஒரு மகள். பாதை நகர, முதுகுக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. கேதீஸ்வரி வலது கையால் தன் இடது முழங்கையைப் பொத்திப் பிடித்திருந்தாள். குளிர் என்று நினைத்து அந்தப் பெண் தள்ளியிருந்து காற்றுப்படாத பக்கம் இடம் கொடுத்தாள்.

வாவியின் நடுவில் வந்தபோது கேதீஸ்வரி அவளிடம் திரும்பினாள்.

"தங்கச்சி, இந்த வயசுப் பிள்ளையளுக்கு இப்ப என்ன விருப்பம்? என்ன வாங்கிக் குடுத்தா சந்தோசப்படுங்கள்?"

"இவக்கெண்டா கலர்ப் பென்சில். வீட்டுச் சுவர் முழுக்கக் கீறல்தான்" என்று சிரித்தாள் அந்தப் பெண். இவளின் நரையோடிய தலையையும் வெறுங் கழுத்தையும் ஒருமுறை பார்த்தாள். "ஏன் அக்கா, உங்களுக்குப் பிள்ளையள் இல்லையா?"

கேதீஸ்வரி அக்கரையைத் திரும்பிப் பார்த்தாள்.

"இரிக்கி" என்றாள். "இண்டைக்குத்தான் கண்டன். இனித்தான் பழகவேணும்."